பாலத்துக்கு வந்த ஓடை

அந்த மூட்டைய இப்படி என் கால்கிட்ட தள்ளிட்டு உக்காருங்க தம்பி. என்னத்த இம்புட்டுப் பெரிய பையி? கூடாரமா? பூதநாச்சி அருவிக்கா? சரிதான். அப்ப நீங்க என் பாலத்து மேலதான் போகணும். என் பாலம்னா, இப்ப இருக்குறது இல்ல. இப்ப இருக்குறது இரும்புல, நடந்தா டங்கு டங்குன்னு சத்தம் கேக்கும். அது மெர்லின்னு ஒரு புள்ள கட்டுனது. அதுக்கு முன்னாடி இருந்தது என் பாலம். கல்வெட்டுல கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு, 'ஊராட்சி மன்றத் தலைவர் திருமதி ச. தங்கப்பேச்சி'ன்னு. அந்தத் தங்கப்பேச்சி நான்தான். எந்திரிக்க வேணாம், பஸ்ஸு ஆட்டுது, சும்மா உக்காருங்க.

தலைவரா இருந்தது அஞ்சு வருசம். அது ஆச்சு, பதினாறு வருசத்துக்கு முந்தி. பொம்பளைக்குன்னு ஒதுக்குன ஊராட்சி. அப்படின்னா என்ன நினைப்பீங்க? பொம்பள கையெழுத்துப் போடுவா, புருசன் நாற்காலியில உக்காருவான்னுதான? எல்லா ஊர்லயும் அதுதான் நடக்குது. எங்க ஊர்லயும் அப்படித்தான்னு வச்சுக்கங்களேன். நான் என்னத்தக் கண்டேன், படிச்சது அஞ்சாப்பு. எங்க வீட்டுக்காரர் சன்னாசி, அவருதான் எல்லாம். ஓடைய நாசம் பண்ணதும் அவருதான். நான் அப்பாவி. இதை மொதல்லயே சொல்லிப்புடுறேன், பின்னாடி குழப்பம் வரக்கூடாது பாருங்க.

அருவிக்கு டவுன்காரங்க வர ஆரம்பிச்ச நேரம் அது. நடுவுல எங்க ஓடையத் தாண்டித்தான் போகணும். மேல, ரெண்டு பெரிய பாறைக்கு நடுவுல ஓடை ஒடுங்கி வரும், அங்க ஒரு மரத்த வெட்டிப் போட்டிருந்துச்சு. அதுல ஆடு போகும், நாங்க போவோம். டவுன்காரங்க வந்து நின்னு, செருப்பக் கழட்டி, சாமி கும்பிட்டு, அப்பறம் உக்காந்து உக்காந்து நகருவாங்க. பாக்க நல்லா பொழுது போகும். சரி, பாலம் கட்டணும்னு அரசாங்கத்துல உத்தரவு வந்துச்சு. ஆறு சிமெண்ட் குழாய வரிசையாப் போட்டு மேல கான்கிரீட்டு ஊத்துற தரைப்பாலம்.

குழாய் ஏத்துன லாரி வந்துச்சு. அந்தப் பாறைகிட்ட ஏற முடியல. கீழ, அரை மைலுக்கு இங்கிட்டே நின்னுபோச்சு. திறப்பு விழாவுக்கு வர வேண்டிய பெரிய ஆபீசரு ஜீப்பும் அதுக்கு மேல ஏறாதுன்னுட்டாங்க. ஆனா கல்வெட்டு வந்து இறங்கிருச்சு. தேதியோட. ஆவணி மாசம் நல்ல முகூர்த்தம் பாத்து அடிச்ச தேதி. கல்லுல அடிச்ச தேதிய அழிக்க முடியுமா? அழிச்சா விளங்குமா? இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு.

அதனால பாலத்த லாரி நின்ன இடத்துலயே கட்டிப்புட்டாங்க. காஞ்ச தரையில. ஆமா தம்பி, கீழ ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. அப்பறம் மேல போயி ஓடைக்கு வரப்புப் போட்டு மறிச்சு, நேரா ஒரு வாய்க்கா வெட்டி, ஓடையப் பாலத்துக்குக் கூட்டியாந்தாங்க. சிரிக்காதீங்க. அந்தக் காலத்துல அது எம்புட்டுப் பெரிய வேலை தெரியுமா? ஆபீசரு இங்க ரிப்பன வெட்டுறாரு, அங்க நம்ம ஆளுக வரப்ப வெட்டுறாங்க. ரிப்பன் கீழ விழுகவும் தண்ணி குழாய்க்குள்ள வரவும் சரியா இருந்துச்சு. ஆபீசரே கை தட்டுனாரு. ஓடை எப்பவுமே அங்கதான் ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டாரு போல. நான் அன்னைக்கு மயில் கழுத்துக் கலர்ல பட்டுக் கட்டியிருந்தேன்.

யாரு இந்த யோசனைய சொன்னாங்கன்னு கேக்குறீங்களா? அதான் சொன்னேனே, எங்க வீட்டுக்காரரு.

அதுக்கப்பறம் பதினஞ்சு வருசம் அந்தப் பாலம் படுத்துன பாடு! ஐப்பசி மழை வந்தாப் போதும். மேல இருந்து கிளை, சருகு, உங்கள மாதிரி ஆளுக தூக்கிப் போட்ட தண்ணி பாட்டிலு, சிப்ஸு கவரு, எல்லாம் வந்து குழாய அடைச்சுக்கும். தண்ணி மேல ஏறி நடைபாதையிலயே ஓடும். வாய்க்காலோ நேரா வெட்டுனதா, தண்ணி சும்மா பாஞ்சு வந்து கரையத் தின்னுக்கிட்டே போகுது. பாசி வேற. இந்தப் பக்கம் வழுக்கி விழாத டவுன்காரனே கிடையாது. ஊருல பேசுறது காதுல விழும்: "தங்கப்பேச்சி அடைச்சுக்கிட்டா." "தங்கப்பேச்சியில விழுந்து இடுப்பு போச்சு." பேரு வைக்கிறதுல இது ஒரு கெரகம். நான் வீட்டுல சிவனேன்னு சோறாக்கிக்கிட்டு இருப்பேன், அங்க எவனோ நான் இடுப்ப ஒடிச்சேன்னு திட்டிக்கிட்டுப் போவான்.

அடைப்ப எடுக்குறது யாரு? எங்க வீட்டுக்காரருதான். நான் போகச் சொல்றதில்ல. சொல்லுவேன், சும்மா ஒரு வார்த்தை: "உங்க பொண்டாட்டி பேரு அங்க நாறுது, நீங்க இங்க பீடி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க"ன்னு. அம்புட்டுத்தான். கடப்பாரையும் துறட்டியும் எடுத்துக்கிட்டு இறங்கிருவாரு. இடுப்பு மட்டும் தண்ணியில நின்னு குத்திக் குத்தி எடுப்பாரு. ராத்திரியெல்லாம் காலு விறைச்சுக் கிடப்பாரு. வாயத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அவரு பேசி நான் பாத்ததே இல்ல தம்பி. கல்யாணத்தன்னைக்கே அய்யரு மூணு தடவ கேட்டாரு, ஊமையான்னு.

முந்தின வருசத்துக்கு முந்தின ஐப்பசியில ஒரு நாளு, காலையில, நல்ல மழை. மூணாவது குழாய் அடைச்சிருக்கு. அவரு குத்துறாரு. திடீர்னு அடைப்பு பிடுங்கிக்கிச்சு. தண்ணி ஒரே இழுப்பா இழுத்து அவரு காலக் குழாய்க்குள்ள வாங்கிருச்சு. இடுப்பு வரைக்கும் உள்ள, மேல்பாதி வெளிய. தண்ணி மொகத்துல அடிக்குது. நான் கரையில நின்னு கத்துறேன், எவனும் இல்ல. அப்ப அருவிக்குப் போக வந்த பேங்க்காரங்க நாலு பேரு, தொந்தியும் தொப்பையுமா, அவங்கதான் ஓடியாந்து கயித்தப் போட்டு, எருமையத் தூக்குற மாதிரித் தூக்குனாங்க. எனக்கு உசுரு போயி வந்துச்சு. சொல்றதுக்கு என்ன, இன்னும் அந்தச் சத்தம் காதுல இருக்கு. அவரத் தூக்கிக் கரையில போட்டதும் நான் என்ன சொன்னேன்? "கடப்பாரை எங்க?"ன்னு கேட்டேன். அது தண்ணியோட போயிருச்சு. வேற என்ன கேக்குறது அந்த நேரத்துல? வாயில வந்ததக் கேட்டேன்.

அந்தத் தை மாசந்தான் மெர்லின் வந்துச்சு. நாகர்கோவில் பக்கம். இஞ்சினியரு. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸு, தலையில துண்டு. காட்டிலாகாவும் ஏதோ ஒரு அமைப்பும் சேந்து அனுப்புனாங்களாம். "அம்மா, இந்தக் குழாயெல்லாம் எடுத்துரணும். ஓடைய அது பழைய தடத்துக்கே திருப்பி விட்டுட்டு, நடந்து போறவங்களுக்கு உயரமா ஒரு பாலம் போட்டுரலாம். மீனு மேல ஏறவே முடியாமக் கிடக்கு"ன்னுச்சு. மீனு மேல ஏறி என்ன பண்ணப் போகுது? அருவி பாக்கவா? கேட்டேன். சிரிச்சுச்சு. கெட்ட புள்ள இல்ல.

ஆனா ஒரு சிக்கல். பழைய தடம் எங்க? சர்வே படத்துல ஒரு கோடு இருக்கு. அந்தக் கோட்டப் பிடிச்சுக்கிட்டுப் போனா பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குள்ள போயி முட்டுது. வரைஞ்சவன் எங்க உக்காந்து வரைஞ்சானோ. ஊருல கேட்டா எவனும் வாயத் திறக்கல. எல்லாருக்கும் தெரியும். ஆனா சொல்லல. என் மேல அம்புட்டு மரியாதை. என் வாய்க்குப் பயந்துதான்னு ராசாங்கம் சொல்லித் திரிஞ்சான். இப்பத் தலைவரா இருக்கானே, அவன்.

ஏன் சொல்லலைன்னா... அது வந்து, ஓடை போனதும் அந்தத் தடம் சும்மா கிடந்துச்சு தம்பி. சும்மா கிடந்த இடம். மண்ணு எப்படி இருக்கும்ங்கிறீங்க? கருப்பா, பொலபொலன்னு. கைய விட்டா முழங்கை வரைக்கும் உள்ள போகும். எத்தன ஆயிரம் வருசம் ஓடை கொண்டாந்து போட்டதோ. நான் அதுல காபி வச்சேன். முள்முருங்கைய நட்டு மிளகு ஏத்தினேன். கமலா ஆரஞ்சு முப்பத்திரெண்டு மரம். ஒவ்வொண்ணையும் புள்ள மாதிரித்தான் வளத்தேன். எனக்குப் புள்ளை இல்ல. அதனால அந்த முப்பத்திரெண்டுக்கும் பேரே வச்சிருந்தேன், ஒருத்தருக்கும் தெரியாது. ஓடைப் புறம்போக்குன்னு ராசாங்கம் சொல்லுவான். அவன் கிடக்கான்.

மெர்லின் என்கிட்டயே வந்து கேட்டுச்சு, "நீங்கதான் அப்ப தலைவர், உங்களுக்குத் தெரியுமே"ன்னு. நான் கூட்டிட்டுப் போயி பலா மரத்துக்கு அங்கிட்டு ஒரு பள்ளத்தக் காட்டினேன். மூணு நாளு தோண்டுனாங்க. செம்மண்ணு, செம்மண்ணு, செம்மண்ணு. ஒரு ஆட்டு எலும்பு, நாலு பிராந்தி பாட்டிலு. "ஓடை ஓடுன இடம்னா கூழாங்கல்லு இருக்கணுமே அம்மா"ன்னுச்சு. "ஓடை போகும்போது எடுத்துட்டுப் போயிருக்கும்"னேன். அந்தப் புள்ள என்னையவே பாத்துச்சு. வெயில்ல மூஞ்சியெல்லாம் கருத்து, கையெல்லாம் கொப்புளம். பாவமாத்தான் இருந்துச்சு. வாம்மா, ஒரு காபி குடின்னு தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்.

காபி குடிச்சுச்சு. ஆரஞ்சு ரெண்டு தின்னுச்சு. நான் ஒவ்வொரு மரத்தச் சுத்தியும் அழகா கல்லடுக்கி வச்சிருப்பேன். எல்லாம் அங்கயே தோண்டத் தோண்ட வந்த கல்லு, முட்டை மாதிரி வழவழன்னு. அதுல ஒண்ண எடுத்து உருட்டி உருட்டிப் பாத்துச்சு. பாத்துட்டு, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு, பைக்குள்ள போட்டுக்கிச்சு. படிச்ச புள்ள, கல்லப் போயித் திருடுது! கேட்டா நானே ஒரு கூடை கொடுத்திருப்பேன்.

மே மாசம் ஒண்ணாந் தேதி கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்துல பந்தல் போட்டு, ஊரே உக்காந்திருக்கு. மெர்லின் அந்தக் கல்லக் கொண்டாந்து மேசை மேல வச்சுச்சு. எங்க எடுத்துச்சுன்னு சொல்லல. "ஐயா, அம்மா, எனக்கு யார் மேலயும் குத்தம் சொல்ல வேண்டியதில்ல. ஓடை முன்னாடி எங்க ஓடுச்சுன்னு ஒருத்தர் வாயால சொன்னாப் போதும். தீர்மானத்துல எழுதிட்டு வேலையத் தொடங்கிரலாம். இந்த மழைக்குள்ள முடிக்கலைன்னா பணம் திரும்பிப் போயிரும், குழாய் அப்படியே கிடக்கும்"ன்னுச்சு.

ஒரு ஈ காக்கா வாயத் திறக்கல. ஒருத்தன் பந்தலப் பாக்குறான், ஒருத்தன் காலப் பாக்குறான். நான் நேரா உக்காந்திருக்கேன். என் முப்பத்திரெண்டு மரம் கண்ணு முன்னாடி நிக்குது. வாயில மண்ணப் போட்டு அடைச்சாலும் சொல்ல மாட்டேன்னுதான் இருந்தேன். சத்தியமா.

அப்ப பின்னாடி இருந்து ஒரு சத்தம். பாத்தா எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு நிக்கிறாரு! அந்த மனுசன் சபையில எந்திரிச்சதே கிடையாது. தொண்டையச் செருமுறாரு. "நான்தாங்க ஓடையத் திருப்புனேன்"ங்கிறாரு. "எல்லாம் என் யோசனை. இவ பேருக்குத் தலைவரு. நாற்காலியில உக்கார வச்சது நான், நடத்துனது நான். இவளுக்கு என்ன தெரியும், பாவம், நான் காட்டுன இடத்துல கையெழுத்துப் போடுவா."

ராசாங்கம் இருக்கானே, ஒரு சிரிப்புச் சிரிச்சான் பாருங்க. "அதான் ஊருக்கே தெரியுமே! பொம்பள எங்க ஊராட்சி நடத்துனா? சன்னாசி அண்ணன் நடத்துனாரு"ன்னான். நாலு பேரு தலைய ஆட்டுறாங்க. எனக்கு உச்சந்தலையில ஏறிருச்சு.

"எவன்டா நடத்துனான்?"னு எந்திரிச்சேன். "இவரா? மூணு தட்டுக் கஞ்சிய முழுசா ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குக் கொண்டுபோகத் துப்பில்லாத ஆளு, இவரு ஓடையத் திருப்புனாராக்கும்! இவரு என்ன சொன்னாரு தெரியுமா அன்னைக்கு? 'வேணாம் தங்கம், அந்தப் பாறை இடுக்குலயே ரெண்டு உத்தரத்தப் போட்டு சின்னதா நடைபாலம் கட்டுவோம், ஓடை மேல கை வைக்காத'ன்னு என் காலப் பிடிக்காத குறையாக் கெஞ்சுனாரு. நான்தான் கேக்கல! தேதி அடிச்சாச்சு, ஜீப்பு அங்க வராது, ஓடை இங்க வராதான்னு கேட்டவ நானு! நாப்பது ஆள நிறுத்தி ஒன்பது நாள்ல வெட்டுனவ நானு! வரப்ப எப்ப வெட்டணும்னு முந்தானைய ஆட்டி சைகை காட்டுனவ நானு! சந்தேகமா இருந்தா என் தோட்டத்துல போயித் தோண்டிப் பாருங்கடா. மொத வரிசை ஆரஞ்சுல இருந்து பலா மரம் வரைக்கும் ஓடைதான்! முழங்கை ஆழத்துல கூழாங்கல்லு கிடக்கு! இந்த ஊர்ல தலைவரா இருந்தவ தங்கப்பேச்சி, வேற எவனும் இல்ல!"

அப்படியே மூச்சு வாங்கி நிக்கிறேன். ஊராட்சிச் செயலரு தலையக் குனிஞ்சு எழுதிக்கிட்டு இருக்கான். என்னத்தடா எழுதுறன்னேன். "தீர்மானங்க்கா"ன்னான்.

என்ன பாக்குறீங்க? மொதல்ல அவருதான்னு சொன்னேனேன்னா? அது சும்மா பஸ்ஸுல போறவங்களுக்குச் சொல்றது. சபையில சொல்றது வேற.

ஆவணிக்குள்ள வேலை முடிஞ்சுபோச்சு. பாலத்த உடைக்க அரை நாளு கூட ஆகல, கையால தள்ளுனாலே விழுந்திருக்கும். ஆனா கல்வெட்டு வச்ச மேடை இருக்கே, அது ரெண்டு நாளு! மெசினு வச்சு இடிச்சாங்க. கம்பி, சிமெண்டு எல்லாம் தாராளமா அதுலதான போட்டிருந்தோம். கல்ல நான் வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன். துணி துவைக்கப் போட்டிருக்கேன். எழுத்து மேல பாத்துத்தான். ஆழமா அடிச்ச எழுத்தா, அழுக்கு நல்லாப் போகுது.

தோட்டம் போச்சு தம்பி. முப்பத்திரெண்டுல இருபத்தியாறு மரம். வேரோட எடுத்தாங்க. மெர்லின் அஞ்சாறு மரத்த வேற எடத்துல நட்டுப் பாத்துச்சு, நட்டுட்டு என் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கு, ஊரு பாக்க உக்காந்து அழுதேன். இன்னைக்குப் பாருங்க, மிளகு வித்தவ, வத்தலக்குண்டுல கடையில போயி நூறு கிராம் மிளகு வாங்கிட்டு வர்றேன். அதுலயும் பப்பாளி விதை கலந்திருக்கான் பாவி.

ஓடை வந்துச்சு. கழுதை, தெரிஞ்ச வீட்டுக்குள்ள நுழையிற மாதிரி சரசரன்னு வந்துச்சு. மீனு ஏறுதாம். பாலத்த மேல அந்தப் பாறை இடுக்குலதான் போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரரு அன்னைக்குச் சொன்ன அதே எடம். ஏதோ குருட்டாம்போக்குல சொல்லியிருக்காரு. போன ஐப்பசி அப்படி ஒரு மழை, ஒரு கிளை மாட்டல, ஒருத்தன் விழல. அவரு என்ன பண்ணாருங்கிறீங்க? வீட்டுக்குள்ள, கம்பளியப் போத்திக்கிட்டு, அடுப்புக்கு முன்னாடி உக்காந்து முறுக்குத் தின்னாரு. மழை முழுக்க! பதினஞ்சு வருசத்துல அந்த மனுசன் ஐப்பசியில நனையாம இருந்து நான் பாத்ததில்ல. சோம்பேறியாப் போயிட்டாரு.

அன்னைக்கு சபையில ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நான் கத்தி முடிச்சதும் திரும்பிப் பாத்தேன். எங்க வீட்டுக்காரரு உக்காந்துட்டாரு. உக்காந்து, துண்டால மொகத்தத் தொடைச்சுக்கிட்டு, சிரிக்கிறாரு. பொண்டாட்டி ஊரு முன்னாடி மானத்த வாங்கியிருக்கா, அந்த ஆளு சிரிக்கிறாரு! ஏன் சிரிச்சாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

என்ன? என்ன சொன்னீங்க?

வேணும்னேவா?

இல்ல தம்பி. அவருக்கு அம்புட்டு அறிவு... இருங்க. இருங்க, பேசாதீங்க.

'பேருக்குத் தலைவரு'ன்னாரு. 'பாவம்'னாரு. அந்த வார்த்தையச் சொன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்னு அந்த ஆளுக்குத் தெரியாதா என்ன? முப்பத்தியோரு வருசமா என்கூட குப்பை கொட்டுறாரு. வாயத் திறக்காத மனுசன், அன்னைக்கு மட்டும் அம்புட்டு நீளமா... அடேயப்பா. அடேயப்பா! என் தோட்டத்த என் வாயாலயே கொடுக்க வச்சுட்டாரே! குழாய்க்குள்ள கிடந்த அன்னைக்கே முடிவு பண்ணியிருப்பாரு. என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? 'தங்கம், எனக்குப் பயமா இருக்கு, இனிமே அந்தத் தண்ணியில என்னால இறங்க முடியாது'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டா நான் கொடுத்திருக்க மாட்டேனா?

...கொடுத்திருக்க மாட்டேன். அதுவும் தெரிஞ்சிருக்கு அந்த ஆளுக்கு.

டிரைவர் அண்ணே, நெல்லூத்து முக்குல நிறுத்துங்க! அந்தா நிக்கிறாரு பாருங்க, கையில ஒரு குடை, தலையில சாக்கு. என்னையக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு. பல்ல வேற காட்டுறாரு. நீங்க ஒண்ணு பண்ணுங்க தம்பி, நான் இறங்குனதும் அந்தச் சன்னல இறக்கி விட்டுக்கங்க. நான் இப்ப பேசப் போறது டவுன்காரங்க கேக்குற மாதிரி இருக்காது. அழுதாலும் அழுவேன், அதையும் நீங்க பாக்க வேணாம்.